வளையும் திரி

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் வாசகி ஒருவர், ஆவிக்கும் மானிடப் பெண்ணுக்கும் காதல் மலர்வதாக வரும் நாவல்களை விரும்பிப் படிப்பவர், இன்ன கதைக்கு இன்ன வாசனை மெழுகுவர்த்தி என்று ஜோடி சேர்த்து விற்கும் விளம்பரத்தைக் கண்டு, இதில் விஞ்ஞானம் ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

விடையின் பாதி அவர் நாள் முழுதும் கையாளும் சிங்கிள் ஜெர்சித் துணியிலேயே இருக்கிறது. பனியன் வியர்வையை உறிஞ்சும் அதே நியதியால்தான் உருகிய மெழுகும் பருத்தித் திரியில் ஏறி, சுவாலையின் உஷ்ணத்தில் ஆவியாகி எரிகிறது. எனினும் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்காத அதிசயம் அந்தத் திரியின் நுனியே. எரியும் மெழுகுவர்த்தி ஒன்றைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள்: திரி மெல்ல வளைந்து சுவாலையின் ஓரத்தை எட்டியிருக்கும், சுவாலையின் உள்ளே பிராணவாயு எட்டாமையால் கருகி மட்டும் நிற்கும் திரி, ஓரத்துக்கு வந்ததும் செந்தணலாகிச் சாம்பலாகிறது. இவ்வாறு தன் நீளத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்பொருட்டே, இருபுறமும் இழுவை சமமாக இராதபடி அதைப் பின்னுகிறார்கள்.

கட்டிங் டேபிளில் வெட்டிப் போட்ட ஜெர்சித் துண்டு, பக்க ஓரங்களில் பின்புறமாகவும் மேல் கீழ் ஓரங்களில் முன்புறமாகவும் சுருண்டுகொண்டு கட்டிங் மாஸ்டரைப் படாதபாடு படுத்துகிறதே, அதற்குக் காரணமும் கண்ணிகளுக்குள் அடங்கிக் கிடக்கும் சமனற்ற இழுவைதான். துணியை இழுத்து விரிக்கும் ஸ்டென்டர் இயந்திரத்தின் ஊசிகள் பிடித்திருக்கும்வரை துணி அடங்கியிருப்பது போல, உறைந்த மெழுகு பிடித்திருக்கும்வரை திரி நிமிர்ந்திருக்கிறது. பிடி உருகியதும் தன் சுபாவத்தைக் காட்டுகிறது. துணியில் குற்றமாக எண்ணப்படும் குணமே திரிக்கு ஜீவநாடி.

இப்பின்னல் திரி 1825இல் கம்பாசரேஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தந்தது. அதற்குமுன் முறுக்குத் திரியை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. 1860 கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்கேல் பாரடே லண்டனில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகளுக்கும் மெழுகுவர்த்தி ஒன்றே பொருள். சரித்திரம் இவ்வளவு போதும்.

இனி வாசனை. திரியேறிச் சுவாலையில் புகும் தைலம் மெழுகோடு எரிந்துபோகும். நம்மை வந்தடையும் மணம் பெரும்பாலும் திரியைச் சுற்றி உருகி நிற்கும் குளத்தின் மேற்பரப்பிலிருந்து எழுவது. மல்லிகை மணமெனில் அது பென்சைல் அசிட்டேட், லினலூல், துளி இன்டோல் முதலிய ரசாயனங்களின் சேர்க்கை. அதில் அமானுஷ்யம் அணுவளவும் இல்லை. ஆனால் மோகினி வருமுன் மல்லிகை மணக்கும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு, பி. டி. சாமியின் பேய்க்கதைகளையும் படித்து வளர்ந்தவருக்கு அம்மணம் பட்டதும் உடல் சிலிர்க்கலாம். ஏனெனில் நாசியின் செய்தி, உணர்ச்சியையும் ஞாபகத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் சென்று சேர்கிறது. அந்த ஜோடியைச் சேர்த்து வைத்தது நம் பழக்கம். கடைக்காரருக்கு அதில் பங்கில்லை. அன்றியும், சில நிமிஷங்களில் மூக்கு எந்த மணத்துக்கும் பழகிவிடுவதால், பத்தாம் பக்கத்துக்குள் விலை கொடுத்த வாசனை ஏறக்குறைய மறைந்துபோகும்.

ஆகவே ஜோடிக்கென்று அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். பூக்காரியிடம் வாங்கிய ஒரு முழம் மல்லிகை அவ்வேலையைச் செய்யும். மெழுகுவர்த்திதான் வேண்டுமென்றால், திரியைக் கால் அங்குலமாகக் கத்தரித்து ஏற்றுங்கள். பஞ்சுத் தூசியும் பனியன் வேஸ்ட்டும் கிடக்கும் அறையில் ஒருபோதும் ஏற்றாதீர்கள். கதை எவ்வளவு சுவையாயினும், கண் அயருமுன் அணைத்துவிடுங்கள்.