மெய்நிகராக்கமும் தரவுச் சேமிப்பும்: தென்சென்னைப் புறநகர்த் தமிழ் ஆவணங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கணினியில் பல சேவையகங்களை இயக்கும் மெய்நிகராக்கமும், தரவைப் பல வட்டுகளில் பகிர்ந்து வைக்கும் சேமிப்பு முறைகளும் பெருங்கணிப்பின் அடித்தளங்கள். இவை பொறி பழுதாகும்போது தரவைக் காக்கின்றன. ஓர் இடமே பாதிக்கப்படும்போது தாமாகக் காப்பதில்லை. இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகராக்கம், சேமிப்பகம், காப்புப்படி, தரவு மையம், சுவடிப் பாதுகாப்பு

முன்னுரை

தமிழாய்வு நிறுவனங்கள் பல சென்னையின் தென்பகுதியில் அமைந்துள்ளன. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும், செம்மஞ்சேரியில் ஆசியவியல் நிறுவனமும் உள்ளன. ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பு 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இப்பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. சுவடியை மின்வடிவாக்கினால் அது காக்கப்பட்டுவிட்டதாகக் கருதுவது இயல்பு. அம்மின்வடிவம் எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது என்பதும் ஆராயப்பட வேண்டும்.

மெய்நிகராக்கம்

ஐபிஎம் நிறுவனம் 1960களில் உருவாக்கிய இத்தொழில்நுட்பத்திற்குரிய இலக்கணத்தை 1974இல் போப்பெக், கோல்ட்பெர்க் ஆகியோர் வகுத்தனர். லினக்ஸ் இயங்குதளத்தில் கேவிஎம் என்னும் மெய்நிகராக்கக் கூறு 2007இல் இணைந்தது. இதன்பின் இவ்வசதி கல்வி நிறுவனங்களுக்கும் எளிதாயிற்று.

ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள், கணினியின் செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டு, ஒவ்வொரு மெய்நிகர் சேவையகத்திற்கும் தனிக்கணினி போன்ற சூழலை வழங்குகிறது. அச்சேவையகத்தின் இயங்குதளமும் தரவும் சேமிப்பகத்தில் கோப்புகளாகவே இருக்கும். ஒரு கணினி பழுதானால், பொதுச் சேமிப்பகத்திலுள்ள அக்கோப்புகளைக் கொண்டு வேறொரு கணினியில் சேவையகத்தை மீண்டும் இயக்கலாம். ஆகவே மெய்நிகர் சேவையகத்தின் நிலைபேறு சேமிப்பகத்தைச் சார்ந்தது.

சேமிப்பு முறைகள்

பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ரெய்டு முறை, பல வட்டுகளை ஒன்றாக இணைக்கிறது. இதன் ஆறாம் வகையில் இரு வட்டுகள் பழுதானாலும் தரவு மீளும். பெரிய அமைப்புகள் தரவைப் பல கணினிகளில் பரப்புகின்றன. ஒவ்வொன்றையும் மூன்று படிகளாக வைத்தால் 10 டெராபைட் தரவுக்கு 30 டெராபைட் இடம் வேண்டும். இரேஷர் கோடிங் முறையில் தரவை நான்கு கூறுகளாகப் பிரித்து, கணக்கிட்டுப் பெறும் இரு கூறுகளைச் சேர்த்தால் 15 டெராபைட் போதும். எந்த இரு கூறுகள் இழக்கப்பட்டாலும் தரவு மீளும்.

எனினும் இவை காப்புப்படி ஆகா. ஒரு கோப்பு தவறுதலாக நீக்கப்பட்டால், அந்நீக்கம் எல்லாப் படிகளிலும் உடனே நிகழும். முந்தைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்நாப்ஷாட் இத்தவற்றைச் சரிசெய்யும். ஆனால் அது அதே சேமிப்பகத்தில் இருப்பின், வெள்ளத்தில் அதுவும் அழியும்.

இடமும் தொலைவும்

எனவே மற்றொரு படி வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். செம்மஞ்சேரியிலுள்ள தரவுக்குச் சிறுசேரியில் படி வைப்பது தீவிபத்துக்குப் பயன்படலாம்; பெருமழைக்கு இரண்டும் ஒரே நிலப்பகுதியே. தமிழ்நாடு அரசு பெருங்குடி எல்காட் வளாகத்தில் மாநிலத் தரவு மையத்தையும், பேரிடர் மீட்பு மையத்தைத் திருச்சிராப்பள்ளியிலும் அமைத்திருப்பது இவ்வகையில் கருதத்தக்கது.

தொலைவுக்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். திருச்சிக்குச் சென்று திரும்ப 3 மில்லிநொடிக்கு மேலாகும். ஒவ்வொரு பதிவும் இரு இடங்களிலும் முடிந்த பின்னரே உறுதியாகும் உடனிகழ் முறையில் இத்தாமதம் ஒவ்வொரு பதிவிலும் சேரும். சற்றுப் பின்னர்ப் படியெடுக்கும் முறையில் இத்தாமதம் இல்லை. ஆனால் இறுதியில் எழுதப்பட்ட சில பதிவுகள் இழக்கப்படலாம். வங்கிக் கணக்குக்கு அவ்விழப்பு ஒவ்வாது. சுவடிப் படிமமோ ஒருமுறை எடுத்தபின் மாறாதது. நாளுக்கு ஒருமுறை படியெடுத்தாலே போதும். ஆகவே தமிழ் ஆவணக் காப்புக்கு மிகுசெலவுள்ள உடனிகழ் முறை தேவையில்லை. படிகள் சிதையாமல் உள்ளனவா என்பதைச் சரிபார்ப்புத் தொகை கொண்டு காலந்தோறும் ஒப்பிடுதலும், மீட்டெடுத்துப் பார்த்தலும் இன்றியமையாதவை.

முடிவுரை

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தமைக்கு, அந்நூலின் படிகள் பல ஊர்களில் எஞ்சியிருந்ததும் ஒரு காரணம். ஏடு பெயர்த்தெழுதி வெவ்வேறிடங்களில் வைத்த மரபின் பயன் அது. மின்வடிவத்திற்கும் அதுவே பொருந்தும். மின்மயமாக்கத் திட்டம் வகுக்கும் நிறுவனங்கள், சேவையகத்திற்கும் வட்டுகளுக்கும் ஒதுக்கும் நிதியுடன், வேறு வடிநிலத்தில் அமையும் ஒரு படிக்கும் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்குதல் வேண்டும்.