காற்றலையில் ஒரு கலாசாலை

செவ்வியல் இசைக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரில் உரிமம் பெற்று வானொலி நிலையம் நடத்துவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நிலைபெற்ற வழக்கம். தமிழ்நாட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் வந்து, ஒன்றையொன்று சந்திக்காமலே போயின. பல்கலைக்கழகம் இசையைப் பாடமாக்கிப் போற்றி வளர்த்த காலத்தில் அதன் கையில் வானொலி இல்லை. வானொலி அதன் கைக்கு வந்தபோது அந்த வானொலியின் நோக்கம் வேறாக வரையப்பட்டிருந்தது. இவ்வரலாற்றில் கோவையையும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டையும் சேர்ந்தவர்களின் பங்கு பெரிது என்பதும், முடியாமல் நின்ற அந்தப் பணியைத் தொடர்வதற்கான இசை வளமும் சட்ட உரிமையும் இன்று அதே மண்ணில் அருகருகே கிடக்கின்றன என்பதும் விரிவாகப் பேசப்பட வேண்டிய செய்திகள்.

தமிழகத்தில் வானொலியைத் தொடங்கியவர்கள் அரசினர் அல்லர், ஆர்வலர்கள். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம், மாலை நேரங்களில் இசையும் உரையும் ஒலிபரப்பி, 1927-இல் பணமுடையால் நின்றுபோனது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் தொடங்கிய ஒலிபரப்பு, 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை நடந்தது. கல்வித்துறையோடு நெருங்கிய முதல் முயற்சி, கொங்கு நாட்டிலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறினால் எட்டிவிடும் மைசூரில் நிகழ்ந்தது. அங்குள்ள மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி, 1935-ஆம் ஆண்டு செப்டம்பரில், 30 வாட் ஆற்றல் மட்டுமே கொண்ட ஒலிபரப்பி ஒன்றைத் தம் வீட்டிலேயே நிறுவி, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டுச் சில ஆண்டுகள் தம் பொறுப்பிலேயே நடத்தினார். நிலையம் பின்னர் மைசூர் அரசிடம் சென்றது. பெயரோ காலப்போக்கில் நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராயிற்று. அது பல்கலைக்கழகத்தின் உடைமையன்று, ஒரு பேராசிரியரின் உடைமை. ஆயினும் ஒலிபரப்பு என்பது கற்பித்தலின் நீட்சி என்ற எண்ணம் தென்னாட்டில் எவ்வளவு முன்னதாகவே முளைத்தது என்பதற்கு அதுவே சான்று.

இசையைப் பொறுத்தவரை அந்த எண்ணத்துக்கு இயக்க வடிவம் கொடுத்தது சிதம்பரம். அண்ணாமலை செட்டியார் 1929-இல் அங்கே தோற்றுவித்த இசைக் கல்லூரி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாயிற்று. டைகர் வரதாச்சாரியார், எம். எம். தண்டபாணி தேசிகர் போன்ற பெரும் வித்வான்கள் அங்கே பொறுப்பு வகித்தனர். 1941-இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் அமைந்த தமிழிசைச் சங்கமும், கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதைக் கேள்விக்குள்ளாக்கின. வானொலியிலும் தமிழ்ப் பாடலுக்கு உரிய இடம் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் முழக்கங்களுள் ஒன்று. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் நிலையங்கள் வந்துவிட்ட பிறகு, ஒரு பாடல் மக்களின் செவிக்குப் போவதும் போகாமலிருப்பதும் நிலையத்தின் நிகழ்ச்சி நிரலைப் பொறுத்ததாகிவிட்டது. பல்கலைக்கழகம் பாடல்களைத் தொகுத்துச் சுரதாளக் குறிப்புடன் நூல்களாக வெளியிட்டது, வித்வான்களை உருவாக்கியது, ஆனால் அவர்களைக் காற்றில் ஏற்றும் கருவி மட்டும் தில்லி அரசின் கையில் இருந்தது.

அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் கோவையின் ஆர். கே. சண்முகம் செட்டியார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்றே அவர் பெரிதும் நினைக்கப்படுகிறார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை வகுத்தவர் என்பதும், தம் இறுதிக் காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்பதும் அவர் பிறந்த ஊரிலேயே போதிய அளவு நினைவுகூரப்படவில்லை. இசைத்தமிழின் தலைநூல் எனத்தக்க காப்பியத்தில் தோய்ந்த ஒருவர் இசைத்துறை கொண்ட பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஏற்றது பொருத்தமான கூடுகை. 1953-இல் அவர் மறைந்ததால் அந்தப் பொருத்தத்தின் முழுப்பயன் கிட்டாமற்போயிற்று.

மற்றொருவர் ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரன். தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கோவையில் நிறுவிய இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த தூரன், அவினாசிலிங்கத்தின் தலைமையில் இயங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியரானார் என்பது பலரும் அறிந்தது. நூற்றுக்கணக்கான தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றியவரும், கொங்கு நாட்டார் பாடல்களைக் கேட்டுத் தொகுத்தவரும் அவரே. கலைக்களஞ்சியம், கீர்த்தனை, நாட்டார் பாடல் என்ற மூன்றையும் ஒருங்கே கையாண்ட அவருடைய உழைப்பை நோக்கும்போது, ஒரு பல்கலைக்கழக இசை வானொலி செய்ய வேண்டிய பணிகளின் முன்மாதிரி ஒரு தனிமனிதரிடமே அமைந்திருந்தது என்று சொல்வது மிகையாகாது.

அரசு வானொலி இசைக்குச் செய்த தொண்டையும் குறைத்துச் சொல்லலாகாது. 1952 முதல் பத்தாண்டுகள் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்களை வானொலியிலிருந்து அகற்றிச் செவ்வியல் இசைக்கு முதலிடம் தந்தார். தேசிய இசை நிகழ்ச்சி, இசை விழாக்கள், குரல் தேர்வின் வழியே கலைஞர்களைத் தரம்பிரிக்கும் முறை ஆகியவை அவர் காலத்தில் உறுதிப்பட்டன. மாதச் சம்பளம் பெறும் ‘நிலைய வித்வான்’ என்ற பதவி, அரசவை ஆதரவை இழந்திருந்த கலைஞர்களுக்குப் புதிய வாழ்வாதாரமாயிற்று. ஆனால் கேட்போரை ஆயத்தப்படுத்தாமல் ஆணையால் மட்டுமே சுவையை மாற்ற முனைந்ததில் ஒரு பெரும் பிழை இருந்தது. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957-இல் விவித பாரதி தொடங்கப்பட்டுத் திரைப்பாடல் மீண்டும் இடம்பெற்றது. ஒரு கீர்த்தனை ஏன் அவ்வாறு அமைந்தது, ஓர் இராகத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று கூடவே சொல்லித்தரும் ஆசிரியப் பணி அந்த ஒலிபரப்பில் போதிய அளவு இல்லை. பல்கலைக்கழகத்தால் செய்யக்கூடியது அதுதான்.

கோவைக்குச் சொந்தமான வானொலி நிலையம் 1966-இல் வந்தது. அது ஒலிபரப்பியது மத்திய அலையில். அதாவது தரையைத் தழுவி நெடுந்தொலைவு செல்லக்கூடிய, அதே வேளையில் ஒலியின் நுண்மைகளைக் குறுக்கிவிடுகிற அலையில். நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியே உள்ள அவ்வலையில், தம்புராவின் கார்வையில் பிறக்கும் மேற்சுரங்களும், வயலினின் கூர்மையும், மிருதங்கத்தின் சாப்பு ஒலியும் பெரும்பகுதி மழுங்கிவிடும். பண்பலை எனப்படும் எஃப்.எம். முறையோ 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை ஏந்திச்செல்ல வல்லது. எட்டும் தொலைவு மட்டுமே குறைவு. செவ்வியல் இசைக்கு ஏற்ற அலை பண்பலையே. நம் ஊர்களில் அது பரவலானபோது அதன் பெரும்பங்கைத் திரைப்பாடல்களும் விளம்பரங்களும் நிரப்பிக்கொண்டன.

கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது மிகவும் பிந்தித்தான். அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது; 2002-ஆம் ஆண்டின் இறுதியில் நடுவண் அரசு கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று முடிவெடுத்தது; 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாயிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வுரிமை விரிந்தது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனமும் தத்தம் நிலையங்களை நிறுவின. நூறு வாட் கதிர்வீச்சு ஆற்றல், முப்பது மீட்டர் கோபுரம், ஏறத்தாழப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எல்லை, பாதிக்குக் குறையாத உள்ளூர் நிகழ்ச்சிகள் என்பன இவ்வகை வானொலிக்கான விதிகள். வேளாண்மை, நலவாழ்வு, மகளிர் முன்னேற்றம் ஆகியவை இவற்றின் முதற்கடமைகளாக முன்வைக்கப்பட்டதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் வட்டாரப் பண்பாட்டைப் பேணுவதும் அதே கொள்கையின் நோக்கங்களுள் அடங்கும். அந்தச் சொல்லின் முழு அகலத்தை எந்த வளாகமும் இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

அமெரிக்க அனுபவம் இங்கே பயன்படும், வெற்றி தோல்வி இரண்டிலும். எண்ணெய் வணிகரும் செலோ இசைக்கருவியை வாசிப்பவருமான ஆலன் ஹான்காக்கின் ஆதரவில் 1946-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தொடங்கிய கே.யு.எஸ்.சி., எழுபதுகளில் செவ்வியல் இசை நிலையமாக வளர்ந்து, நேயர் நன்கொடையையே முதன்மை ஆதாரமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. 2011-இல் அது சான் பிரான்சிஸ்கோவுக்கு விரிந்தபோது, அந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் வானொலி தன் அலைவரிசையை இழந்தது. மாணவர்களின் எதிர்ப்பு வலுவாக எழுந்தது. ஹூஸ்டனில் நேர்ந்தது இதனினும் துயரமானது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர் அலைவரிசையை 95 லட்சம் டாலருக்கு வாங்கிய ஹூஸ்டன் பல்கலைக்கழகம், 2011-இல் அதில் முழுநேரச் செவ்வியல் இசையைத் தொடங்கி, ஐந்து ஆண்டுகளுக்குள் அதைக் கிறித்தவ இசை ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டது. மாணவரிடமிருந்து பறித்த அலையில் நடப்பட்ட இசை வேர்பிடிக்கவில்லை. கோவைக்கு இதிலிருந்து கிடைக்கும் தெளிவு, இசை வானொலி மாணவரின் வானொலியாகவும் இருக்க வேண்டும் என்பதே.

அப்படி ஒன்று அமையுமானால் அதற்கு வேண்டிய சரக்கை வெளியூரில் தேட வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத்து அறச்சலூர்ப் பாறையில், தமிழ்ப் பிராமி எழுத்தில், தாளச் சொற்கட்டுகள் வரிசை வரிசையாக முன்னும் பின்னும் ஒத்து வரும்படி வெட்டப்பட்டுள்ளன. தமிழகத்தின் மிகப் பழைய இசைக் கல்வெட்டு எனப் போற்றப்படுவது அது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டு நிரம்பையூரினர் என்பது கொங்கு மண்டல சதகம் கூறும் மரபு. மறைந்துபோன இசைநூல்கள் பலவற்றின் பெயரும் பகுதியும் இன்று தெரியவருவது அவருடைய உரையால். அவர் எடுத்தாண்ட நூல்களுள் ஒன்று அறிவனார் இயற்றிய பஞ்சமரபு. நெடுங்காலம் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்நூலின் ஏட்டுச்சுவடியைக் கண்டெடுத்து 1973-இல் அச்சேற்றியவர் வெள்ளகோவில் தெய்வசிகாமணிக் கவுண்டர். அதற்குத் துணைநின்றவர் பொள்ளாச்சி நா. மகாலிங்கம். ஒரு கொங்கு உரையாசிரியர் மேற்கோள் காட்டிய நூலை நூற்றாண்டுகள் கழித்து மற்றொரு கொங்குநாட்டார் மீட்டுத் தந்த இந்நிகழ்ச்சி, தமிழிசை ஆராய்ச்சியின் பெருமிதங்களுள் ஒன்று. பின்னர் அந்நூலுக்கு விரிவுரை எழுதிய வீ. ப. கா. சுந்தரத்தின் ‘தமிழிசைக் கலைக்களஞ்சியம்’ திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. எழுத்தளவில் பல்கலைக்கழகங்கள் தம் கடமையைச் செய்திருக்கின்றன. அவ்வெழுத்து இன்னும் ஒலியாகவில்லை.

ஒலியாகத்தக்கவற்றுள் முதலில் நிற்பவை தேவாரப் பண்கள். பண் என்பது இன்றைய இராகத்துக்கு முன்னோடியான பழந்தமிழ் இசை வடிவம். அவினாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கரூர், கொடுமுடி, வெஞ்சமாக்கூடல் ஆகியவை தேவாரம் பாடப்பெற்ற கொங்கேழ் தலங்கள். சுந்தரரின் அவினாசிப் பதிகம் குறிஞ்சிப் பண்ணிலும், கொடுமுடிப் பதிகமும் திருமுருகன்பூண்டிப் பதிகமும் பழம்பஞ்சுரத்திலும் அமைந்தவை. ஓதுவார் மரபில் குறிஞ்சி இன்று அரிகாம்போதியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும் பாடப்படுகின்றன. ஓதுவார் பாடுவதை அந்தந்தக் கோயிலிலேயே பதிவுசெய்து, பண்ணுக்கும் இராகத்துக்குமான உறவை இசையாசிரியர் ஒருவர் விளக்க, அடுத்து அதே இராகத்தில் தூரனின் கீர்த்தனை ஒன்றை இசை பயிலும் மாணவி பாடினால், ஒருமணி நேர நிகழ்ச்சி ஒன்று உருவாகிவிடும். உள்ளூர் நிகழ்ச்சிக்கான விதியும் அதிலேயே நிறைவேறும்.

செலவும் அச்சமூட்டத் தக்கதன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு ஒன்றின் மீதான உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபது ஆண்டுகளே நீடிக்கும். ஆகவே கிராமபோன் காலத்துப் பெரும் வித்வான்களின் இசைத்தட்டுகளில் மிகப் பல, பதிவு நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்தாமலே ஒலிபரப்பத்தக்க நிலையை அடைந்துவிட்டன. பாடலாசிரியருக்கு உரிய உரிமை அவர் மறைந்த பின்னும் அறுபது ஆண்டுகள் தொடர்வதால் அதை மட்டும் தனியே ஆராய்ந்து அனுமதி பெற வேண்டும். வீடுகளில் பரண்மேல் கிடக்கும் தட்டுகளும் ஒலிநாடாக்களும் ஆண்டுதோறும் பூஞ்சை படிந்து அழிவதால், அவற்றைத் திரட்டி எண்ணிம வடிவுக்கு மாற்றும் வேலையை, ஒலிபரப்பு தொடங்கும் நாளுக்காகக் காத்திராமல், வளாகங்களின் நூலகங்கள் உடனே மேற்கொள்ளலாம். நேயர் தொகை குறைவாக இருக்கும் என்பது உண்மையே. 2016 முதல் ஆகாசவாணி பெங்களூரிலிருந்து நடத்திவரும் ‘ராகம்’ இருபத்து நான்கு மணி நேரமும் செவ்வியல் இசையைத் தருகிறது; நாடு முழுவதற்குமான அந்த ஒலிபரப்பில் வெஞ்சமாக்கூடலின் ஓதுவாருக்கோ அறச்சலூரின் கல்லெழுத்துக்கோ தனி நேரம் எதிர்பார்க்க இயலாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோபுரமும் பீளமேட்டின் கோபுரமும் எட்டும் எல்லைக்குள், இசை கற்பிக்கும் வீடுகளும் கல்லூரிகளும் கோயில்களும் இசைச் சபைகளும் நெருக்கமாக அமைந்துள்ளன. அங்கே பயிலும் பிள்ளைகள் ஆகாசவாணியின் குரல் தேர்வுக்குப் போகுமுன் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து பழக, வாரத்துக்கு ஒருமணி நேரம் போதும்.