ஊசி போட்ட தேதியும் நெஞ்சின் படபடப்பும்

இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி. போட்ட மறுநாள் உடம்பில் முறுக்கேறுகிறது, நடையில் வேகம் வருகிறது. ஆனால் அன்றிரவு தூக்கம் பிடிக்காமல் புரள வேண்டியிருக்கிறது. சின்ன விஷயத்துக்கும் சுள்ளென்று கோபம் வருகிறது. பத்து நாள் கழிந்தால் நிலைமை தலைகீழ். காலையில் கண் விழிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. மேலாளர் கூப்பிட்டால் உள்ளங்கை வியர்க்கிறது. ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று மனம் அடித்துக்கொள்கிறது. அடுத்த ஊசி போட்டதும் எல்லாம் அடங்குகிறது, மறுபடி தொடங்குகிறது.

டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் இருக்கும் ஆண்களில் சிலருக்கு இது பழகிப்போன அனுபவம். வெளியே சொல்பவர்கள் குறைவு. நம் ஊரில் ஓர் ஆண் “பயமாக இருக்கிறது” என்று சொல்வதில்லை. “நெஞ்சு படபடங்குது”, “மனசு ஒரு மாதிரியா இருக்கு” என்பார். இல்லாவிட்டால் வீட்டில் எரிந்து விழுவார். மருத்துவரிடம் போனாலும் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டுவாரே தவிர இதைச் சொல்லமாட்டார். சொன்னால்தான் வழி பிறக்கும் என்பதால், இந்தப் பதற்றம் எங்கிருந்தெல்லாம் வரக்கூடும் என்று பார்ப்போம்.

முதலில் ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆரோக்கியமான ஆணின் விரைகள் ஒரு நாளைக்குச் சுமார் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. அதிகாலையில் அளவு உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் கொஞ்சம் இறங்கும். 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லகூர் குழுவினர் காளை விரைகளிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் பூட்டனான்ட்டும் ருஷிச்காவும் ஆய்வுக்கூடத்தில் செய்தும் காட்டினார்கள். செய்ய முடிந்ததே தவிர, உடம்பில் நிறுத்திவைக்க முடியவில்லை. விழுங்கினால் கல்லீரல் சிதைத்துவிடும், அப்படியே ஊசியாகப் போட்டால் சீக்கிரம் கரைந்துபோகும். அதனால் கொழுப்பு அமிலம் ஒன்றை அதன் வாலில் கட்டி, எண்ணெயில் கலந்து, தசைக்குள் செலுத்தினார்கள். வால் நீளமாக இருந்தால் மெதுவாக வெளிவரும், குட்டையாக இருந்தால் வேகமாக. இன்றைக்கும் ஊசிகளின் அடிப்படை இதுதான்.

நம் நாட்டில் பலருக்குத் தெரிந்த சஸ்டனான் 250 ஊசியில் அப்படி நான்கு வகை வால்கள் கலந்திருக்கின்றன. வால் கட்டிய இந்த வடிவங்களுக்கு எஸ்டர் என்று பெயர். எஸ்டர்களின் மொத்த எடை 250 மில்லிகிராம், அதில் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் 176. ஊசி போட்ட 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அளவு உச்சிக்குப் போகிறது. அந்த உச்சி, இயல்பான மேல்வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறகு இறங்கி இறங்கி, சுமார் 21 நாளில் இயல்பின் கீழ்வரம்பைத் தொடுகிறது. நாளுக்கு 7 மில்லிகிராம் என்று வாய்க்காலில் நிதானமாக ஓட வேண்டிய தண்ணீருக்கு, ஒரே நாளில் ஏரி மதகைத் திறந்துவிட்ட கதை. உச்சியில் தூக்கமின்மையும் எரிச்சலும் துடிப்பும், பள்ளத்தில் சோர்வும் பதற்றமும் வந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்களுக்கு இது மனத்தின் பலவீனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அதனால்தான் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். ஊசி போட்ட தேதியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். தினமும் இரவு நான்கு விஷயம் போதும்: பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை காபி, அன்று விசேஷமாக ஏதாவது நடந்ததா. இரண்டு மூன்று ஊசிச் சுற்றுகள் போனால் கோலம் தெரிந்துவிடும். மதிப்பெண் எப்போதும் ஊசிக்கு முந்தைய சில நாட்களில் ஏறுகிறதா? பள்ளம்தான் காரணமாக இருக்கலாம். ஊசிக்குப் பிந்தைய மூன்று நாளில் ஏறுகிறதா? உச்சியைச் சந்தேகிக்கலாம். ஊசியோடு சம்பந்தமே இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏறுகிறதா? அப்படியானால் திங்கட்கிழமை அலுவலகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். மருந்தை மாற்றுவதால் அது சரியாகாது.

கோலம் ஊசியோடு பொருந்தினால் மருத்துவரால் செய்யக்கூடியது நிறைய உண்டு. அதே மொத்த அளவைச் சிறு சிறு பங்காக, அடுத்தடுத்துப் போடலாம். தோலில் தினமும் தடவும் ஜெல்லுக்கு மாறலாம், அதில் ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் தடவிய இடம் குழந்தைகள் மீதும் மனைவி மீதும் படக் கூடாது. இந்த ஆபத்துக்காக 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜெல் மருந்துகள்மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு அந்த இடத்தைச் சட்டையால் மூடிக்கொண்டால் போதும். 1000 மில்லிகிராம் அன்டெகனோயேட் என்ற நீண்டகால ஊசியும் இருக்கிறது. முதல் இரண்டு ஊசிகளுக்குப் பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். அது மெதுவாக வெளிவருவது. இதில் எதையும் நீங்களாகச் செய்துகொள்ளாதீர்கள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ரத்தம் எந்த நாளில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். உச்சியில் எடுத்தால் “அளவு மிக அதிகம்” என்று வரும், பள்ளத்தில் எடுத்தால் “குறைவு” என்று வரும். இரண்டுமே ஆளைக் கலங்கடிக்கும். குறுகியகால எஸ்டர் ஊசி போடுபவர்கள் இரண்டு ஊசிகளுக்கு நடுவிலும், நீண்டகால ஊசிக்காரர்கள் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னும், ஜெல் தடவுபவர்கள் தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள்ளும் கொடுப்பது வழக்கம். பரிசோதனைச் சீட்டில் கடைசி ஊசியின் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போன மாதம் 610, இந்த மாதம் 540 என்று எண் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு பதற வேண்டியதில்லை. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி ஆய்வுக்கூடத்தினுடையது, ஒரு பகுதி அன்றைய தூக்கத்தினுடையது.

இனி கவனமாகப் படிக்க வேண்டிய இடம். படபடப்பு எல்லாமே பதற்றம் ஆகிவிடாது.

டெஸ்டோஸ்டிரோன் ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமாட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிறது என்று பொருள். மருந்தை நிறுத்தியோ குறைத்தோ சரிசெய்வார்கள். தலைபாரம், முகச்சிவப்பு, மூச்சு வாங்கல் எல்லாம் அதில் வரலாம், அவற்றைப் பதற்றம் என்று எண்ணிவிடுவது எளிது. குறட்டைக்காரர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறை இந்த மருந்து அதிகமாக்கலாம். அந்தக் கோளாறு உள்ளவர் நடுராத்திரியில் மூச்சுத் திணறி, நெஞ்சு அடிக்க விழித்துக்கொள்வார். அப்புறம் விடியும்வரை பயம். பகலெல்லாம் எரிச்சல். அவருக்குத் தேவை தூக்கப் பரிசோதனை. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் கை நடுங்கி நெஞ்சு துடிக்கும், ஒரு டி.எஸ்.எச். பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இதயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இதயநோயோ அதற்கான அபாயமோ உள்ள, 45 முதல் 80 வயதுக்குட்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் ட்ராவெர்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2023-ல் வந்தன. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கையில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் போலி மருந்தைவிட மோசமாக இல்லை. இது பெரிய ஆறுதல். ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு போலி மருந்துக் குழுவில் 2.4 சதவீதத்தினருக்கு வந்தது என்றால், டெஸ்டோஸ்டிரோன் குழுவில் 3.5 சதவீதத்தினருக்கு வந்தது. நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதல். ஆகவே துடிப்பு தாளம் தப்பி அடிப்பதுபோல் இருந்தால், கால் ஒன்று மட்டும் வீங்கினால், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பதற்றம்தான் என்று பிறகு தெரிந்தால் நல்லதுதானே, ஒரு இ.சி.ஜி. எடுத்ததில் யாருக்கும் நட்டமில்லை.

இன்னொரு குழியும் உண்டு. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி உடம்பிலேயே, பெரும்பாலும் கொழுப்புத் திசுவில், ஈஸ்ட்ரடியோலாக மாறுகிறது. “பெண் ஹார்மோன் ஏறிவிட்டது, அதனால்தான் மனசு கெடுகிறது” என்று யாரோ சொல்ல, அந்த மாற்றத்தைத் தடுக்கும் அனஸ்ட்ரசோல் மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆணுக்கும் ஈஸ்ட்ரடியோல் வேண்டும். 2013-ல் வெளியான ஃபிங்கல்ஸ்டைன் குழுவினரின் ஆய்வில், அதை மருந்தால் தடுத்த ஆண்களுக்குக் காம விருப்பம் குறைந்தது, உடம்பில் கொழுப்பு கூடியது. எலும்புக்கும் அது தேவை. ஒரு பதற்றத்தைத் தணிக்கப் போய் மூன்று தொல்லைகளை விலைக்கு வாங்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பதற்றம் தனியாக நிற்கிறது என்றால், அதைப் பதற்றமாகவே நடத்த வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் பதற்றத்துக்கான மருந்து கிடையாது. உண்மையிலேயே அளவு குறைந்தவருக்கு மனநிலை ஓரளவு மேம்படலாம். 65 வயதைக் கடந்த 790 ஆண்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பிலும் மனநிலையில் கிடைத்த பலன் சிறியதுதான். வேலைப் பளு, கடன், ‘எனக்கு மட்டும் ஏன் இந்தக் குறை’ என்ற உள்குமைச்சல் ஆகியவற்றை எந்த ஊசியும் கரைக்காது.

ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்வித் தாளை மருத்துவரிடம் கேட்டு வாங்கி நிரப்புங்கள். மொத்தம் 21 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் பதற்றத்தில் நல்ல பலன் உண்டு. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உதவும், நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அவற்றில் சில பாலுணர்வைக் குறைக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் “ஊசி வேலை செய்யவில்லை” என்று பழியைத் தவறான இடத்தில் போடுவீர்கள். அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள், அதிலிருந்து மீள்வது தனிப் போராட்டம்.

திடீரென்று பீதி கவ்வும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். ஊசிக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாள் தூக்கம் கெடுகிறவர்கள் காலையிலும் ஒன்றோடு நிறுத்துவது நல்லது. மதுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவில் தணித்த பதற்றத்தை விடியற்காலையில் அது வட்டியோடு திருப்பித் தரும்.

திருநம்பிகளின் கதை சற்று வேறு. அவர்களில் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் தொடங்குவதே நெடுநாள் தவிப்புக்கு முடிவு. மெல்பர்னில் 64 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், உடனே தொடங்கியவர்களுக்கு மூன்று மாதத்தில் பாலினம் குறித்த மனவுளைச்சலும் மனச்சோர்வும் காத்திருந்தவர்களைவிடக் குறைந்தன. ஆயினும் குரல் உடையும் மாதங்களில், அடையாள அட்டைக்கும் முகத்துக்கும் பொருந்தாத நிலையில், வீட்டுக்காரரிடமும் பேருந்திலும் வரும் பயத்தை ஊசியின் குறை என்று சொல்ல முடியாது. அந்தப் பயம் சமூகம் தருவது. அதே பாதையில் முன்னே நடந்த ஒருவரின் துணை அப்போது மிகவும் உதவும்.

மணமானவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு உத்தரவு அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு உற்பத்தி வீழும். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இதைச் சிகிச்சைக்கு முன்பே மனைவியோடு சேர்ந்து மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பாதிப் பதற்றம் மறைத்துவைப்பதில் இருக்கிறது. ஊசி நாட்களில் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் அவர் ஒரு வரி எழுதட்டும்.

பதற்றம் தாங்காமல் ஊசியை அப்படியே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. உடம்பின் சொந்தச் சுரப்பு தூங்கிப்போயிருக்கும், அது விழிக்க வாரங்களோ மாதங்களோ ஆகலாம். விரையிலேயே கோளாறு உள்ளவருக்கு விழிக்காமலும் போகலாம். இடைப்பட்ட காலத்தில் ஆழமான பள்ளம்: சோர்வு, அழுகை, தூக்கமின்மை. நிறுத்த வேண்டுமானால் எப்படி, எப்போது என்று மருத்துவரோடு திட்டமிட்டு நிறுத்துங்கள். அந்தப் பள்ளத்திலோ வேறெப்போதோ வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.