ஈட்டி மர மேசை லண்டன் போக எத்தனை அனுமதி?

குண்டலுபேட்டையிலிருந்து ஊட்டி செல்லும் சாலை சீக்கிரமே பந்திப்பூர் காட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. தேக்கோடு ஈட்டியும் வளரும் புலிகள் காப்பகம் இது. இங்கே கோடரி வைக்க முடியாது. ஆனால் இதே இன மரத்தில்தான் மைசூர் கைவினைஞர்கள் யானையும் தேரும் பதித்த பெட்டி, மேசைகளைச் செய்கிறார்கள்.

2017 ஜனவரி 2 முதல் ஈட்டி உட்பட டால்பெர்ஜியா வகை மரங்கள் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. விற்கத் தடை இல்லை, தாள்கள் வேண்டும், அவ்வளவே. செய்து முடித்த ஒரு பொருளில் ஈட்டி 10 கிலோவுக்குள் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிடார் போன்ற இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் எடை வரம்பே கிடையாது. சின்னப் பெட்டி தப்பிவிடும், சாப்பாட்டு மேசை மாட்டிக்கொள்ளும். மேசைக்கு இந்தியாவில் ஏற்றுமதிச் சான்று, பிரிட்டனில் இறக்குமதி அனுமதி, இரண்டும் வேண்டும். கப்பல் வந்து சேர்ந்தபின் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட் கெடுத்தது இதற்கு அடுத்த கட்டத்தை. முன்பு லண்டனில் இறங்கிய மேசையைப் பாரிஸுக்கு அனுப்ப எல்லையில் யாரும் தாள் கேட்கமாட்டார்கள். பிரிட்டனும் பிரான்ஸும் அப்போது ஒரே ஐரோப்பியச் சந்தையில் இருந்தன. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் மறு ஏற்றுமதிச் சான்று தர வேண்டும், பிரான்ஸ் தனியாக இறக்குமதி அனுமதி தர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வட அயர்லாந்து இன்னும் ஐரோப்பிய வனவிலங்கு வர்த்தக விதிகளில்தான் இருக்கிறது. ஆகவே லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு, அதாவது ஒரே நாட்டுக்குள்ளேயே, இந்த மேசை அனுமதி இல்லாமல் நகராது.

பழைய மைசூர் மேசை என்றால் இன்னொரு தலைவலி: அதில் பதித்திருப்பது தந்தமாக இருக்கலாம். பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 1947 மார்ச்சுக்கு முன் செய்ததாகவும், தந்தம் மொத்தக் கன அளவில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும், பிரித்தெடுக்க முடியாதபடியும் இருந்தால் பதிவு செய்து விற்கலாம். பாட்டி காலத்துச் சொத்து என்று சொல்வது போதாது.

2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் இதையெல்லாம் நீக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சைட்டிஸ் தனி உடன்படிக்கை. எனவே விலை பேசும்போதே சரக்கு கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று வாங்குபவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில் ஈட்டியை ‘ரோஸ்வுட்’ என்று மட்டும் எழுதக் கூடாது. டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா என்ற தாவரவியல் பெயர் இருக்க வேண்டும்.