உங்களுக்குத் தெரியுமா? 975,000 என்ற எண்

கொட்டகலைப் பக்கத்துப் பெரியவர்களிடம் "சிறிமா–சாஸ்திரி" என்று சொன்னாலே போதும், யார் வீட்டில் யார் கப்பலேறினார்கள் என்ற கதை வந்துவிடும். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளி நாடற்றவர்களை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

அந்த மூன்று தொகைகளின் பொதுக் காரணிகளுட் பெரியது 75,000. வகுத்தால் 7, 4, 2. கூட்டினால் 13. அதாவது சனங்களைப் பதின்மூன்று கூறாக்கிப் பங்கு போட்டிருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்தைக்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது!

7 பேர் இந்தியா போனால் 4 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. 1971ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. பக்கத்து லயத்துக்காரர் மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலேறும்வரை உங்கள் பிரஜாவுரிமைப் பத்திரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி".

முழுத் தொகையையுமே 7:4 என்று பிரித்திருந்தால்? முடியாது. 975,000ஐ 11ஆல் வகுத்தால் மீதி 4. எந்தப் பக்கமும் சேராமல் நாலு பேர் நின்றிருப்பார்கள்.

975,000இன் முதன்மைக் காரணிகள்: 2 மூன்று தடவை, 3 ஒரு தடவை, 5 ஐந்து தடவை, 13 ஒரு தடவை. மொத்தக் காரணிகள் 96. ஒரு 2உம் ஒரு 5உம் சேர்ந்தால்தான் கடைசியில் ஒரு பூச்சியம் வரும். 2 மூன்றே இருப்பதால் பூச்சியமும் மூன்று. பிள்ளை பிறக்கும், கிழவர் சாகும் தோட்டங்களில் ஆள் தொகை இப்படி மூன்று பூச்சியத்தில் முடியுமா? இது தலை எண்ணி வந்த எண் அல்ல, மதிப்பீடு.

975,000ஐ இரண்டு முழு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது. 3 ஒற்றையாக நிற்பதுதான் தடை.

1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த 150,000ஐச் சரிபாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 600,000, இலங்கைக்கு 375,000. விகிதம் 8:5, மொத்தம் 13. 5, 8, 13 மூன்றும் ஃபிபொனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்கள்! ஃபிபொனாச்சிக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், செய்யுளின் மாத்திரைகளை எண்ணி இவ்வரிசையைச் சொன்னவர் ஹேமச்சந்திரர். தற்செயல்தான். இதில் அழகைத் தேட எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் 975,000க்குள் இல்லை. "இயற்கை அதிகரிப்பு" என்று தனியாகச் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தொகை எதையும் கேட்கவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இலங்கையில் வசித்தவர், அல்லது அவரது வழித்தோன்றல் என்றாலே போதும் என்றது.