ஐந்தில் ஒன்று கழிந்தால் அடக்கம் என்ன?

நம் வணிகர்களில் கூட்டல் கழித்தலில் தவறுபவர் அரிது. பணம் நழுவுவது பின்னத்தில்தான்.

சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். லாரி வாடகை, இறக்குக்கூலி சேர்த்துக் கிலோ ரூ.40 வீதம் 100 கிலோ வாங்கிய கடைக்காரர், அழுகல், சருகு, காய்ந்து குறையும் எடை எல்லாமாக ஐந்தில் ஒரு பங்கு போகும் என்று சரியாகவே கணிக்கிறார். 40 ரூபாயில் ஐந்தில் ஒன்று 8 ரூபாய். ஆக அடக்கம் 48, லாபம் 2, விற்பனை விலை 50 என்று பலகையில் எழுதிப் போடுகிறார். பார்வைக்குக் கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கொள்முதல் ரூ.4,000, கையில் நிற்கும் சரக்கு 80 கிலோ, 50 வீதம் விற்றால் வருவதும் ரூ.4,000. அந்த இரண்டு ரூபாய் லாபம் எங்கே போயிற்று?

கழிந்தது ஐந்து பங்கில் ஒன்று. அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டியதோ மிச்சமுள்ள நான்கு பங்கு. ஆகவே விலையில் நான்கில் ஒன்றைக் கூட்ட வேண்டும். 40-உடன் 10, அடக்கம் 50. பத்தில் ஒன்று கழிந்தால் ஒன்பதில் ஒன்று, இருபதில் ஒன்று கழிந்தால் பத்தொன்பதில் ஒன்று கூட்டுக. கழிவு சிறிதானால் வித்தியாசமும் சிறிது. புளி, பருப்பு போன்றவற்றில் பைசாவில் முடிந்துவிடும். வெங்காயமும் காய்கறியும் அப்படி விடா.

இதையே திருப்பிப் போட்டால் ஜி.எஸ்.டி. கணக்கு. 5 சதவீத வரியுள்ள பொருளை வரி உட்பட ரூ.210-க்கு விற்றால் வரி ரூ.10.50 அன்று, ரூ.10. விலை 20 பங்கு, வரி ஒரு பங்கு, ஆக 210-ஐ 21-ஆல் வகுக்க வேண்டும்.

இனி ரொக்கத் தள்ளுபடி. மொத்த வியாபாரியான நான் இதைச் சொல்வது என் கல்லாவுக்கு நல்லதல்ல, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு மாதத் தவணை, உடனே கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்றால், "இரண்டு ரூபாய்தானே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மாதம் 2 என்பது வருடத்துக்கு 24-க்கும் மேல். ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு ரூ.98,000-ஐ வங்கியில் 12 சதவீத வட்டிக்கு எடுத்துக் கட்டினாலும் மாத வட்டி ரூ.980 தான். தள்ளுபடி ரூ.2,000 போக மிச்சம் ரூ.1,020. தவணை இரண்டு மாதமானால் வட்டி ரூ.1,960, மிச்சம் வெறும் 40. மூன்று மாதம் தருபவரிடம் தாராளமாகக் கடனுக்கே வாங்கலாம்.