வெசிக்கோ: தடைக்குத் தப்பிப் பிறந்து, தடைக்குத் தப்பிப் பிழைத்த நீர்மூழ்கி

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, நீர்மூழ்கிக் கப்பல் வைத்திருக்கக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் தடை போட்டது. ஜெர்மனி குறுக்கு வழி தேடியது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் பெயரளவுக்கு ஒரு கப்பல் வடிவமைப்பு நிறுவனம் முளைத்தது. வரைபடம் அங்கே, கட்டுமானம் வேறு நாடுகளில். அப்படி பின்லாந்தின் துர்க்கு நகரில், கிரைக்டன்-வல்கன் கப்பல் கட்டும் தளத்திலிருந்து 1933 மே மாதம் நீரில் இறங்கியது 'சி.வி. 707'.

துர்க்குவை ஒட்டிய தீவுக் கூட்டத்தில் ஜெர்மானியர்கள் அதை ஓட்டிச் சோதித்தார்கள். 1935இல் ஜெர்மனி வெளிப்படையாகவே கட்டத் தொடங்கிய 'இரண்டாம் வகை' நீர்மூழ்கிகளுக்கு இதுவே முன்மாதிரி. கப்பலை வாங்கும் உரிமை பின்லாந்துக்கு இருந்தது. 1936இல் வாங்கி, 'வெசிக்கோ' என்று பெயர் சூட்டித் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது.

சிறிய கப்பல்தான். நீளம் சுமார் 41 மீட்டர், அதாவது இரண்டு ரயில் பெட்டிகள் அளவு. அகலம் 4 மீட்டர். நீர்மட்டத்தில் எடை 250 டன். டீசல் இன்ஜினுக்குக் காற்று வேண்டும் என்பதால் மேலே மிதக்கும்போது மட்டுமே அது ஓடும். அப்போதே பேட்டரிகளும் சார்ஜ் ஆகும். மூழ்கிய பிறகு மின் மோட்டார்கள்தான் கதி. முகப்பில் மூன்று டார்பிடோ குழாய்கள். அவற்றுக்குப் பின்னாலுள்ள அறையில் டார்பிடோக்களுக்கு நடுவிலேயே மாலுமிகளின் படுக்கைகள். ஆழம் குறைந்த பின்லாந்து வளைகுடாவுக்கு இந்தச் சிறிய உடல் பொருத்தமாக இருந்தது.

சோவியத் யூனியனுடனான 1939-40 குளிர்காலப் போரில் வெசிக்கோ ரோந்து சுற்றியது, எதையும் மூழ்கடிக்கவில்லை. அதன் ஒரே வேட்டை, மீண்டும் போர் மூண்ட பிறகு, 1941 ஜூலை 3ஆம் தேதி நடந்தது. சூர்சாரி தீவின் கிழக்கே 'வீபோர்க்' என்ற சோவியத் சரக்குக் கப்பலை அதன் டார்பிடோ தாக்கியது. சோவியத் ரோந்துப் படகுகள் துரத்தியும் வெசிக்கோ பிடிபடவில்லை. வீபோர்க் மூழ்கியது.

1944 செப்டம்பரில் சோவியத் யூனியனுடன் போர்நிறுத்தம். 1947 பாரிஸ் சமாதான ஒப்பந்தம், பின்லாந்து நீர்மூழ்கி வைத்திருக்கவே கூடாது என்றது. எந்தத் தடையை ஏய்க்க வெசிக்கோ பிறந்ததோ, அதே மாதிரித் தடை இப்போது அதன் தலைக்கே வந்தது.

வெட்டெஹினென், வெசிஹீசி, இக்கு-டுர்சோ, சவ்க்கோ ஆகிய பின்லாந்தின் மற்ற நான்கு நீர்மூழ்கிகளும் 1953இல் பெல்ஜியத்துக்குப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. வெசிக்கோ மட்டும் ஹெல்சிங்கிக்கு அருகிலுள்ள சுவோமென்லின்னா தீவில் தங்கிவிட்டது. பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அதைச் செப்பனிட்டு, 1973 ஜூலை 9ஆம் தேதி அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

ஹெல்சிங்கி சந்தைத் திடலிலிருந்து சுவோமென்லின்னாவுக்குப் படகில் கால் மணி நேரம். கோடைக்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் உள்ளே இறங்கி, டார்பிடோ அறை வரை நடந்து பார்த்துவிட்டு வரலாம். பின்லாந்துக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.